புராய்மோவின் மணி ஓவியம்: எது பழையது, எது புதியது?

கேள்வி கேட்டவர் வெளிநாட்டில் ஒரு கலைக்கூடத்தில் நைஜீரியக் கலைஞர் ஜிமோ புராய்மோவின் மணி ஓவியம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். யோருபா மக்களின் பாரம்பரியத்திலிருந்தும் தொன்மையான கைவினைப் பொருட்களிலிருந்தும் உருவான படைப்பு என்ற மாதிரி பக்கத்து அட்டையில் எழுதியிருந்ததாம். ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால், நம் ஊர் ஃபேன்ஸி ஸ்டோரில் பாக்கெட் பாக்கெட்டாக விற்கும் பாசிமணி போலத்தான் இருந்தது என்கிறார். "இதில் எது தொன்மை? இவர் உண்மையிலேயே மரபுக் கலைஞரா, இல்லை மேல்நாட்டுக்காரர்களுக்குப் பிடிக்கும் என்று மரபு முத்திரையைக் குத்திக்கொண்டவரா? ஒருவேளை அந்த மணிகள் நம் அரிக்கமேட்டிலிருந்து போயிருக்குமோ?" என்று கேட்டிருக்கிறார். இதே போன்ற ஒன்று இணையத்தில் விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்பது கடைசியில் ஒட்டிக்கொண்ட கேள்வி.

நான் அருங்காட்சியகப் பொருட்களைப் பாதுகாக்கும் தொழிலைப் படித்து, அதையே செய்துவருகிறவன். மணி வேலை செய்த துணி, தோல், பலகை எல்லாம் அன்றாடம் கையில் வருபவை. அதனால் பொருள் எது, எப்படிச் செய்தது, எப்படிக் கெடும் என்பதைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். யோருபா வரலாற்றுக்கு அகழாய்வாளர்களும் கலை வரலாற்றாளர்களும் எழுதியவையே எனக்கு ஆதாரம். எங்கே அவர்களுக்குள்ளேயே முடிவாகவில்லையோ அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மணி. கேட்டவரின் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. புராய்மோ பயன்படுத்துவது பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்த சின்னக் கண்ணாடி மணிகள். இந்த வகை மணிகள் வெனிஸிலிருந்தும் பொஹீமியாவிலிருந்தும், அதாவது இன்றைய செக் நாட்டிலிருந்தும், 19-ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குக் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. செய்முறை எளிது. உருகிய கண்ணாடி உருண்டைக்குள் காற்றுக் குமிழ் ஒன்றை வைத்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு எதிரெதிராக ஓடுவார்கள். நீளமான மெல்லிய குழாய் கிடைக்கும். அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, சாம்பலோ மணலோ சேர்த்துச் சூட்டில் உருட்டினால் கூர்முனை மழுங்கி மணியாகிவிடும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் நுண்ணிய காற்றுக் குமிழ்கள் துளைக்கு இணையாக நீண்டு கிடக்கும். கம்பியில் சுற்றிச் செய்த மணியென்றால் குமிழ்கள் துளையைச் சுற்றி வளைந்திருக்கும். இந்த ஒரு அடையாளத்தை வைத்தே பல நேரம் பாதி விவரம் தெரிந்துவிடும்.

ஆக, அந்த மணிகள் தொன்மையானவை அல்ல. இதோடு நிறுத்தினால் கலைக்கூட அட்டை பொய் சொல்கிறது என்று தோன்றும். ஆனால் யோருபா நாட்டில் கண்ணாடி மணியின் கதை ஐரோப்பியக் கப்பலோடு தொடங்கவில்லை. அது ஆயிரம் வருடப் பழக்கம்.

நைஜீரியாவின் தென்மேற்கில் இலே-இஃபே என்ற ஊர் இருக்கிறது. யோருபா மக்கள் உலகம் பிறந்த இடமாகவே அதைக் கருதுகிறார்கள். அந்த ஊரின் வடபகுதியில் இக்போ ஒலோகுன் என்றொரு தோப்பு. ஒலோகுன் கடலுக்கும் செல்வத்துக்கும் உரிய தெய்வம். 1910-இல் அங்கே வந்த ஜெர்மானியர் லியோ ஃப்ரோபேனியஸ், உட்புறம் கண்ணாடி பூசினாற்போல் உறைந்து கிடந்த மண் மூசைகளை, அதாவது கண்ணாடி உருக்கும் மண் பாத்திரங்களைப் பார்த்தார். இஃபேயின் அற்புதமான சுடுமண், உலோகத் தலைகளையும் பார்த்துவிட்டு, இதையெல்லாம் இந்த ஊர்க்காரர்கள் செய்திருக்க மாட்டார்கள், கடலில் மூழ்கிய அட்லாண்டிஸ் நாகரிகத்தின் மிச்சமாக இருக்கும் என்று முடிவு கட்டினார். சிரிப்பு வந்தாலும், அந்த மனப்பான்மை எளிதில் போய்விடவில்லை. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு, வெளியிலிருந்து வந்த கண்ணாடியை உடைத்து மறுபடி உருக்கினார்கள், அவ்வளவுதான் என்பதே பொதுவான கருத்தாக இருந்தது.

அது மாறியது 2000-களில், வேதியியல் ஆய்வுகள் வந்த பிறகு. இஃபே கண்ணாடியில் சுண்ணாம்பும் அலுமினாவும் ஒருசேர மிக அதிகமாக இருக்கின்றன. ஐரோப்பாவிலோ இஸ்லாமிய நாடுகளிலோ இந்தியாவிலோ செய்த கண்ணாடியில் இந்தச் சேர்க்கை கிடையாது. பிறகு நைஜீரிய அகழாய்வாளர் அபிடெமி பாபலோலா அதே தோப்பில் தோண்டி, 2017-இல் முடிவுகளை வெளியிட்டார். 12,000-க்கும் மேல் மணிகள், 800-க்கும் மேல் மூசைத் துண்டுகள், கிலோ கணக்கில் கண்ணாடிக் கழிவு. காலம் ஏறக்குறைய 11 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை. அதாவது போர்ச்சுகீசியர் கினியா கடற்கரைக்கு வருவதற்கு முன்பே இங்கே கண்ணாடியை மூலப்பொருளிலிருந்தே காய்ச்சி மணி இழுத்திருக்கிறார்கள். அந்த மணிகள் சகாரா ஓரத்து வணிக ஊர்களான காவோ, எசூக் வரை போயிருக்கின்றன. உள்ளூர்க் கருங்கற்பாறை சிதைந்த மணலிலிருந்து அலுமினா வந்திருக்கும் என்பதை ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது, நத்தை ஓடா, வேறு ஏதாவதா என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. இன்று சந்தையில் "சேகி" என்று விலை உயர்த்தி விற்கும் பழைய நீல மணியெல்லாம் இஃபே கண்ணாடிதான் என்று நம்பிவிடவும் கூடாது. சோதித்துப் பார்க்காமல் நிறத்தை மட்டும் வைத்துச் சொல்ல வழியில்லை.

அரிக்கமேட்டுக் கேள்விக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. அரிக்கமேட்டிலும் குழாயாக இழுத்து நறுக்கிய மணிகள்தான் கிடைத்தன. அந்த வகை இந்திய மணிகள் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு ஏராளமாகப் போயிருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் அவற்றில் அலுமினா அதிகம், சுண்ணாம்பு குறைவு. இஃபே மணியில் இரண்டுமே அதிகம். தொழில்நுட்பம் ஒத்திருக்கிறது என்பதற்காக உறவு கொண்டாட முடியாது. இதில் நாம் பெருமைப்பட ஒன்றும் இல்லை, வருத்தப்படவும் ஒன்றும் இல்லை.

கண்ணாடி மட்டும்தான் மணி என்றும் இல்லை. இலோரின் நகரத்தில் சிவப்புக் கல்லை உடைத்து, இரும்பு ஊசியால் துளையிட்டு, கல்லில் தேய்த்து மெருகேற்றும் பட்டறைகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நடந்தன. யோருபா அரசுகளில் ஒன்றான பழைய ஓயோ சிதைந்தபோது அங்கிருந்து வந்தவர்களின் தொழில் அது. பவளம் கடல் வழியாக வந்தது. இஃபேயில் இட்டா யெமூ என்ற இடத்தில் 1957-இல் கிடைத்த உலோகச் சிலைகளில் அரசரின் கழுத்திலும் மார்பிலும் கையிலும் காலிலும் மணிச்சரங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மணி அணிந்தவர் அரசர் என்ற இலக்கணம் அன்றைக்கே உறுதியாகிவிட்டிருக்கிறது.

இங்கேதான் விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். யோருபா நாட்டில் மணி என்பது நகைக்கு முன்னால் ஓர் உரிமை. மணி கோத்த கூம்பு வடிவக் கிரீடத்தை எல்லா அரசரும் வைத்துக்கொள்ள முடியாது. முதல் மூதாதையான ஒடுடுவாவின் வழிவந்தவர் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்கு மட்டுமே அது உண்டு. கிரீடத்தின் விளிம்பிலிருந்து மணிச்சரங்கள் திரையாக இறங்கி முகத்தை மறைக்கும். உச்சியில் பறவை. பக்கவாட்டில் முகங்கள் துருத்திக்கொண்டு பார்க்கும். கிரீடத்தின் உட்புறத்தை அணிகிறவர் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி.

இந்த உரிமை எவ்வளவு தீவிரமான சமாச்சாரம் என்பதற்கு 1903-இல் நடந்த ஒன்றைச் சொல்லலாம். எபே ஊர் அரசர் மணிக் கிரீடம் அணிய ஆரம்பித்தார். பக்கத்து அரசர் அது முறையல்ல என்றார். விவகாரம் லாகோஸில் இருந்த பிரிட்டிஷ் ஆளுநர் வில்லியம் மக்கிரெகர் வரைக்கும் போனது. ஆளுநருக்கு அதில் தீர்ப்பு சொல்ல எந்த அடிப்படையும் இல்லை. அதனால் இஃபேயின் அரசரான ஊனி முதலாம் ஒலுபூசேயை லாகோஸுக்கு வரவழைத்துக் கேட்டார். ஊனி அதுவரை இஃபேயை விட்டு வெளியே வந்ததே இல்லை என்பதால் நாடே கலங்கியது. அவர் திரும்பும் வரை மற்ற அரசர்கள் சிலர் தங்கள் அரண்மனையை விட்டு வெளியேறிக் காத்திருந்தார்களாம். எபே அரசருக்கு அந்த உரிமை இல்லை என்று ஊனி சொன்னார். கவனியுங்கள், அந்தக் கிரீடத்தில் தைத்திருந்தது பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்த மணியாகத்தான் இருந்திருக்கும். அது எந்த ஊர்க் கண்ணாடி என்று ஒருவரும் கேட்கவில்லை. யார் தலையில் ஏறுகிறது என்பதுதான் வழக்கு.

கிரீடம் செய்கிறவர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புராய்மோ கடன் வாங்கியது அவர்களிடமிருந்துதான். எகிட்டிப் பகுதியில் எஃபோன்-அலாயே என்ற ஊரைச் சேர்ந்த அடெசினா குடும்பம் இதில் பேர்போனது. ஆண்கள் செய்யும் தொழில். கிரீடம் வேண்டும் என்று அரசர் ஆளனுப்பினால் அந்த அரண்மனைக்கே போய்த் தங்கி முடித்துக் கொடுப்பார்கள். முதலில் பிரம்பிலோ நாரிலோ கூம்புக் கூடு. அதன் மேல் கஞ்சியில் நனைத்த பருத்தித் துணியை இழுத்துப் போர்த்தி வெயிலில் காயவைப்பார்கள். முகங்கள் வேண்டிய இடத்தில் கஞ்சித் துணியையே கசக்கிப் புடைப்பாக ஒட்டுவார்கள். காய்ந்த பிறகு விறைப்பான பரப்பு கிடைக்கும். அதன் மேல் மணியை ஒவ்வொன்றாகத் தைப்பதில்லை. ஒரே நிற மணிகளை நூலில் சரமாகக் கோத்து, அந்தச் சரத்தைக் கோட்டின் போக்கில் படியவைத்து, இன்னொரு நூலால் அங்கங்கே பிடித்துத் தைப்பார்கள். பக்கத்தில் அடுத்த சரம், அதற்குப் பக்கத்தில் அடுத்தது.

இந்த முறையால் ஒரு விளைவு வருகிறது. கண்ணைச் சுற்றிச் சரம் வளைந்தால் அடுத்த சரமும் அதற்கு வெளியே வளைந்தாக வேண்டும். அதற்கடுத்ததும் அப்படித்தான். ஆக, மணி நிரப்பிய பரப்பு சும்மா நிறமாக நிற்காது; வரிவரியாக ஓடும். பழைய கிரீடங்களைப் பார்க்கும்போது கன்னத்திலும் நெற்றியிலும் ஓர் அசைவு தெரிவதற்குக் காரணம் இந்த வரியோட்டம்தான். மொசைக் வேலையில் கல்லைக் கல்லாகப் பதிப்பதற்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அது.

இப்போது புராய்மோ. 1943-இல் ஒஷோக்போ நகரில் பிறந்தவர். அந்த ஊர் அரச குடும்பத்தின் முஸ்லிம் கிளையைச் சேர்ந்தவர். கிரீடம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. மணி வேலையை எந்தக் குருவிடமும் இருந்து பயின்றவரும் அல்ல. டூரோ லாடிப்போ என்ற நாடகக்காரரின் குழுவில் மேடை விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியனாக இருந்தார். லாடிப்போவும், நைஜீரியாவில் ஆசிரியராக இருந்த ஜெர்மானியர் உல்லி பையரும் சேர்ந்து 1962-இல் ஒஷோக்போவில் ம்பாரி ம்பாயோ என்ற கலை மன்றத்தைத் தொடங்கியிருந்தார்கள். அங்கே நடந்த பட்டறைகளில் முக்கியமானது 1964-இல் உல்லியின் மனைவியும் ஓவியருமான ஜார்ஜினா பையர் நடத்தியது. வந்தவர்களில் பலர் நாடகக்குழு ஆட்கள், வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர்கள். ஓவியக் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள். ட்வின்ஸ் செவன் செவன், முராய்னா ஒயெலாமி, ரூஃபஸ் ஒகுண்டெலே, ஜேக்கப் அஃபோலாபி எல்லாம் அந்தக் கூட்டத்தில் வெளிவந்த பெயர்கள். ஒவ்வொருவருக்கும் தனக்கென ஒரு ஊடகம் வாய்த்தது. புராய்மோவுக்கு வாய்த்தது மணி.

அவருடைய ஒரு படைப்பின் முன்னால் நின்று பார்த்தால் அது எப்படி உருவானது என்று ஓரளவு ஊகிக்கலாம். பலகையில் உருவங்களின் வெளிக்கோடு. பெரும்பாலும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிய மனிதர்கள், பறவைகள், நீண்ட முகங்கள், முகத்தில் பாதியை எடுத்துக்கொள்ளும் கண்கள். கோட்டின் போக்கில் மணி வரிசை, அதை ஒட்டி அடுத்த வரிசை. கண்ணைச் சுற்றி வட்டங்கள் பெருகிக்கொண்டே போய் மூக்கின் ஓரத்தில் திரும்புகின்றன. தையல் இருந்த இடத்தில் பசை, கஞ்சித் துணி இருந்த இடத்தில் பலகை. சில படைப்புகளில் வரிசைகளுக்கு இடையில் வண்ணமும் தீட்டியிருக்கிறார். எடுத்துக்கொண்டது மணி என்ற பொருளை என்பதைவிட, சரத்தைக் கோட்டின் போக்கில் ஓடவிடும் அந்த முறையை என்று சொல்வதுதான் சரி. அரசர் தலையில் சுற்றிவந்து பார்க்க வேண்டியிருந்த வரியோட்டத்தைச் சுவரில் தட்டையாக விரித்துவைத்தார். அதை அவருக்கு முன் யாரும் செய்யவில்லை என்றே பொதுவாக எழுதுகிறார்கள். ஆப்பிரிக்காவின் முதல் மணி ஓவியர் என்ற பட்டமும் அதனால் வந்தது. "முதல்" என்று வரும் எந்தப் பட்டத்தையும் நான் கொஞ்சம் தள்ளி வைத்தே படிப்பேன். ஆனால் யோருபா மணி வேலையைச் சுவர் ஓவியமாக மாற்றியதில் அவர் முன்னோடி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அப்படியானால் இவர் மரபுக் கலைஞரா? லாமிடி ஃபாகேயேயோடு ஒப்பிட்டால் தெளிவாகும். ஃபாகேயே மரச்சிற்பக் குடும்பத்தில் பிறந்தவர். ஒயே-எகிட்டியில் பாதிரியார் கெவின் கரோல் நடத்திய பட்டறையில் ஜார்ஜ் பண்டெலேயிடம் தொழில் கற்றார். பண்டெலே, புகழ்பெற்ற சிற்பி அரேயோகுனின் மகன். பட்டறை கத்தோலிக்கத் திருச்சபையுடையது, செதுக்கியது தேவாலயக் கதவுகள். ஆனாலும் உளி பிடிக்கும் முறை கைமாறிக் கைமாறி வந்தது. புராய்மோவின் கதையில் அந்தத் தொடர்ச்சி இல்லை. அவர் மரபைப் பார்த்து வளர்ந்தவர். அதில் பயிற்சி பெற்றவர் என்று சொன்னால் தப்பு. பிறகு ஸாரியாவின் அகமது பெல்லோ பல்கலைக்கழகத்திலும் படித்தார். ஆகவே "மரபுக் கலைஞர்" என்பதை விட, மரபிலிருந்து எடுத்துக்கொண்ட நவீனக் கலைஞர் என்பதே பொருத்தம். இதில் குறை ஏதும் இல்லை.

வெள்ளைக்காரர்களுக்காகச் செய்தது என்ற குற்றச்சாட்டு ஒஷோக்போ கலைஞர்கள் எல்லோர் மீதும் அன்றைக்கே எழுந்ததுதான். கல்லூரியில் படித்த நைஜீரியக் கலைஞர்களிடமிருந்தே அது அதிகம் வந்தது. ஸாரியாவில் 1958 முதல் 1961 வரை உச்சே ஒகேகே, புரூஸ் ஒனோப்ராக்பேயா, டெமாஸ் ந்வோகோ போன்ற மாணவர்கள் ஒரு சங்கம் வைத்து, ஐரோப்பியப் பயிற்சியையும் சொந்தப் பண்பாட்டையும் யோசித்து இணைக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒஷோக்போ என்பது இரண்டு ஐரோப்பியர் வெளிநாட்டு ரசனைக்காகப் பேணி வளர்த்த வெகுளித்தனம். இதில் நியாயம் உண்டு. வாங்கியவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டினர், எது "உண்மையான ஆப்பிரிக்கத்தனம்" என்று தேர்ந்தெடுத்த கண்ணும் பல நேரம் பையர்களுடையது. அதே சமயம், விளக்கு வேலை பார்த்த இளைஞருக்குத் தன் ஊர் அரசரின் கிரீடத்தைச் சொல்லிக்கொடுக்க ஜெர்மனியிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. பட்டறை அவருக்குத் தந்தது இடமும் துணிச்சலும் வாடிக்கையாளரும். கண் அவருடையது. இந்தக் கடைசி வரி என் கருத்து. ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் முட்டாள்களும் அல்ல.

"தொன்மையான பொருள்" என்ற சொல்லையும் இன்னொரு உதாரணத்தால் உரசிப் பார்க்கலாம். யோருபா பெண்களின் நீலச் சாயத் துணி, அடிரே. மரவள்ளி மாவுக் கஞ்சியைக் கோழி இறகால் துணியில் தீட்டி, காயவைத்து, அவுரி போன்ற உள்ளூர்க் கொடி ஒன்றின் இலையை ஊறவைத்த சாயத்தில் திரும்பத் திரும்ப முக்குவார்கள். கஞ்சி இருந்த இடம் வெளிறி நிற்கும். ஒகிடி ஊரில் 1951-இல் பிறந்த நிகே டேவிஸ்-ஒகுண்டாயே இதைக் குடும்பத்துப் பெண்களிடம் கற்று, ஒஷோக்போவில் பயிற்சி மையம் வைத்து நூற்றுக்கணக்கானோருக்குக் கற்றுக்கொடுத்தவர். சாயமும் கஞ்சியும் உள்ளூர், கற்ற வழியும் குடும்பம். புராய்மோவை விட இவருக்கே "தொன்மை" அதிகம் பொருந்தும்போல் தோன்றும். ஆனால் கஞ்சி வரைந்த அடிரே பெருகியது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்து ஆலைத் துணி மலிவாக வந்த பிறகு. கைத்தறியின் சொரசொரப்பில் இவ்வளவு நுண்ணிய கோடு நிற்காது. அதில் மிகப் பிரபலமான கோலங்களில் ஒன்று இபாடான் நகரத்து மாப்போ மண்டபத்தின் தூண்களைக் காட்டுவது. அந்த மண்டபம் பிரிட்டிஷ் ஆட்சியில், 1920-களில் எழுந்த கட்டடம். ஆக, மான்செஸ்டர் துணியானாலும் வெனிஸ் மணியானாலும், வந்ததை இழுத்துத் தன் முறைக்குள் போட்டுக்கொள்வதுதான் அங்கே நடைமுறை. பழைய பொருள் இருக்கிறதா என்று தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பழைய முறை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அட்டையை எழுதியவர் "பொருட்கள்" என்பதற்குப் பதில் "மணி வேலை முறை" என்று எழுதியிருந்தால் நமக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது.

சரி, வாங்கும் விஷயம். இணையத்தில் இருக்கும் படத்தை வைத்து அது புராய்மோவுடையதுதானா என்று என்னால் மட்டுமல்ல, யாராலும் சொல்ல முடியாது. ஒஷோக்போ பாணி மணி ஓவியங்களைப் பின்னாட்களில் பலர் செய்திருக்கிறார்கள், அவற்றில் நல்லவையும் உண்டு. விற்பவரிடம் முதலில் பின்பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். பலகை எப்படிப்பட்டது, வயதுக்கேற்ற கறை இருக்கிறதா, பழைய கூடத்தின் சீட்டு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். எப்போது, யாரிடம் வாங்கியது என்ற காகிதம் இருந்தால் அதற்குத்தான் மதிப்பு. பிறகு மணிகளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் நெருக்கமாக எடுத்த படம். பிளாஸ்டிக் மணி என்றால் அச்சுக் கோடு லேசாகத் தெரியும், எல்லா மணியும் ஒரே அளவில் இருக்கும். நேரில் பார்க்க முடிந்தால் விரல் நுனியால் தொட்டாலே தெரியும். கண்ணாடி குளிரும், பிளாஸ்டிக் குளிராது. பிளாஸ்டிக் என்பதாலேயே போலி என்று சொல்ல முடியாது. சமீப காலத்து மணி வேலைகளில் அதுவும் புழங்குகிறது.

வாங்கிய பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பிக்கும், குறிப்பாக சென்னை மாதிரி கடற்கரை ஊரில். சில நிற மணிகளில் காரச்சத்து கூடுதலாக இருக்கும். ஈரக்காற்று பட்டால் அது மேற்பரப்புக்குக் கசிந்து, முதலில் பிசுபிசுப்பாகவும் பிறகு வெள்ளைப் பொடியாகவும் படியும். பக்கத்து நிற மணி பளிச்சென்று இருக்க, ஒரே ஒரு நிறம் மட்டும் வரிசையாக மங்கிப்போனால் காரணம் அதுதான். அந்தக் கசிவு நூலையும் அரிக்கும். பலகை ஈரத்தில் உப்பி, வறட்சியில் சுருங்கும். பழைய பசை அந்த இழுப்புக்கு ஈடுகொடுக்காமல் வெடிக்கும், கீழ் ஓரத்திலிருந்து மணி உதிர ஆரம்பிக்கும். அதனால் வெளிச்சுவரிலும் ஏசிக் காற்று நேராக அடிக்கும் இடத்திலும் மாட்டாதீர்கள். ஈரத் துணியால் துடைக்கவே கூடாது. மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். உதிர்ந்த மணியை வீட்டில் இருக்கும் சூப்பர் குளூவால் ஒட்டிவிடாதீர்கள். எந்த வரிசையில் எங்கிருந்து விழுந்தது என்று ஒரு படம் எடுத்து, மணியைச் சின்ன உறையில் போட்டு, பலகையின் பின்னாலேயே ஒட்டிவையுங்கள். பிறகு பாதுகாப்பாளர் யாராவது வந்து பார்க்கும்போது அந்த உறை கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.